ஸ்பிரிட், அசிட்டோன், சீமெண்ணெய்: தோலில் படலாமா?

சென்ற இதழில் "முகத்துக்கு ஸ்பிரிட் தடவலாமா?" என்ற ஒரு வரிக் கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தோம். அது போதவில்லை என்று நெல்லைப் பக்கத்திலிருந்து நிறையக் கடிதங்கள். ஸ்பிரிட்டில் தொடங்கி நெயில் பாலிஷ் ரிமூவரிலுள்ள அசிட்டோன், தின்னர், சீமெண்ணெய் வரை கேட்டிருக்கிறீர்கள். எல்லாமே கரைப்பான்கள்தாம், எண்ணெயையும் பிசினையும் சாயத்தையும் கரைத்து எடுப்பதே அவற்றின் வேலை. ஒரு தோல் மருத்துவரும் ஒரு மருந்தாளுநரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

வயது 19. முகம் கழுவி இரண்டு மணி நேரத்தில் எண்ணெய் வழிகிறது, பருவும் உண்டு. டோனர் 100 மில்லி 380 ரூபாய் என்றார்கள். தோழி சொன்னாள் என்று மெடிக்கலில் 45 ரூபாய்க்கு 100 மில்லி சர்ஜிகல் ஸ்பிரிட் வாங்கி மூன்று வாரமாகக் காலை, மாலை பஞ்சில் துடைக்கிறேன். முதல் வாரம் முகம் பளிச்சென்று இருந்தது. இப்போது கன்னம் எரிகிறது, மூக்கோரம் தோல் உரிகிறது, பருவும் கூடிவிட்டது. என்ன தப்பு?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

இன்றோடு ஸ்பிரிட்டை நிறுத்திவிடுங்கள். தப்பு உங்கள் மேல் இல்லை. அந்த முதல் வாரப் பளபளப்பு எல்லோரையும்தான் ஏமாற்றும்.

தோலின் வெளிப்படலம் நோட்டுத் தாளைவிட மெல்லியது. அதைச் செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்த செல்கள் செங்கல். செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் சேர்ந்த கொழுப்புதான் இடையில் பூசிய காரை. உடம்பின் ஈரம் வெளியே போகாமலும், வெளியிலுள்ளது உள்ளே வராமலும் காப்பது அந்தக் காரைதான். ஸ்பிரிட்டுக்கு முகத்தில் வழியும் எண்ணெய் வேறு, காரைக் கொழுப்பு வேறு என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்றால் மூன்று வாரத்தில் 42 தடவை. சுவர் சரியாகப் பூசி முடியும் முன்பே மறுபடி சுரண்டியிருக்கிறீர்கள். எரிச்சலும் தோல் உரிதலும் அதனால்தான்.

எண்ணெய் ஏன் குறையவில்லை? அதைச் சுரக்கும் சுரப்பி மேல்தோலுக்கு அடியில், முடிக்காலோடு ஒட்டி இருக்கிறது. அதை ஆட்டி வைப்பது ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன். மேலே துடைத்தால் கீழே சுரப்பது நிற்காது. மதியத்துக்குள் மறுபடி வந்துவிடும். பரு தொடங்குவதும் அந்த எண்ணெய் வெளியே வரும் குழாய்க்குள்தான். செத்த செல்லும் எண்ணெயும் வாயை அடைக்க, உள்ளே கிருமி பெருகி வீக்கம் வருகிறது. மேலே தடவிய ஸ்பிரிட் அந்த அடைப்பைத் திறக்காது. எரிந்துபோன தோலில் வீக்கம் இன்னும் கூடும்.

இனிச் செய்ய வேண்டியது: இரண்டு மூன்று வாரத்துக்கு வேறு எந்தப் பரிசோதனையும் வேண்டாம். நுரை அதிகம் வராத மென்மையான ஃபேஸ்வாஷால் காலை, இரவு மட்டும் கழுவுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன் வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரை மெல்லிசாகப் பூசுங்கள். ஆனி, ஆடியில் காற்று வாரி அடிக்கும்போது நம் பக்கத்தில் எண்ணெய்ச் சருமம்கூட வறண்டுதான் போகும்; அப்போது இதை விட்டுவிடாதீர்கள். எரிச்சல் முழுக்க அடங்கிய பிறகு மருத்துவரைக் கேட்டு, அந்த அடைப்பைத் திறக்கும் அடாபலீன் 0.1% ஜெல் தொடங்கலாம். இரவில், முகம் நன்றாகக் காய்ந்த பின், முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். சிவந்து வீங்கிய பருக்கள் இருந்தால் பென்சாயில் பெராக்சைடு 2.5% சேர்ப்பார்கள், அது தலையணை உறையை வெளுக்கும், அதனால் வெள்ளை உறை போட்டுக்கொள்ளுங்கள். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். கர்ப்பிணிகள் அடாபலீன் போடக் கூடாது.

380 ரூபாய் டோனரும் உங்களுக்குத் தேவையில்லை. அந்தப் பணத்தை மாய்ஸ்சரைசருக்கும் ஜெல்லுக்கும் வையுங்கள். ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். அங்கே தோல் பிரிவில் ஒரு முறை காட்டிவிட்டு வாங்குவது இன்னும் நல்லது.

கடையில் சர்ஜிகல் ஸ்பிரிட், ஐ.பி.ஏ. 70%, ஐ.பி.ஏ. 99%, பாலிஷ் போடும் ஸ்பிரிட் என்று விதவிதமாக இருக்கிறது. எது எதற்கு? 99% வாங்கித் தண்ணீர் கலந்தால் மிச்சமா?
– வீரவநல்லூர் வாசகர்

ஐ.பி.ஏ. என்பது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். கிருமி கொல்ல 70 சதவீதம்தான் நல்லது. சதவீதம் கூடினால் வீரியமும் கூடும் என்று நினைப்போம், ஆனால் 99% கிருமியின் மேலோட்டுப் புரதத்தைச் சட்டென்று உறையவைத்துவிட்டு, உள்ளே இறங்கும் முன்பே ஆவியாகிவிடும். தண்ணீர் இருந்தால் உள்ளே இறங்கவும் முடியும், மெதுவாக உலரவும் செய்யும். பரப்பு அரை நிமிடமாவது நனைந்திருக்க வேண்டும்.

சர்ஜிகல் ஸ்பிரிட் பிராண்டுக்குப் பிராண்டு மாறும், லேபிளைப் படியுங்கள். பிரிட்டிஷ் மருந்து நூல் முறைப்படி செய்ததில் லிட்டருக்கு 25 மில்லி விளக்கெண்ணெயும் 5 மில்லி மெதில் சாலிசிலேட்டும் இருக்கும். தைலம் மாதிரி அடிக்கும் வாசம் அந்தச் சாலிசிலேட்டுடையது.

பாலிஷ் ஸ்பிரிட்டும் தின்னரும் தோலுக்கு வரவே கூடாது. குடிக்க முடியாதபடி செய்வதற்காகப் பாலிஷ் ஸ்பிரிட்டில் மெத்தனால் சேர்ப்பதுண்டு. மெத்தனால் தோல் வழியாகவும், மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும்; உள்ளே அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கும். ஹார்டுவேர் கடைப் பாட்டில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் சானிடைசருக்கு வேண்டாம்.

கலப்பது எளிது. அளவுக்கோடு போட்ட ஜாடியில் 99% ஐ.பி.ஏ. 71 மில்லி ஊற்றுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரை 100 மில்லி கோடு வரை விடுங்கள். "29 மில்லி தண்ணீர்" என்று அளந்து ஊற்றாமல் கோடு வரை விடச் சொல்வதற்குக் காரணம், இரண்டும் கலக்கும்போது மொத்த அளவு கொஞ்சம் சுருங்கும். கைக்குத் தேய்க்க என்றால் கிளிசரின் ஒன்றரை மில்லி சேர்த்துக்கொள்ளுங்கள், கை வறளாது. உலக சுகாதார நிறுவனத்தின் கைமருந்துக் கலவையிலும் கிளிசரின் 1.45% தான், அதில் ஐ.பி.ஏ. 75%.

மிச்சமா என்று பார்க்க, 99% பாட்டிலில் ஒரு மில்லி என்ன விலை என்று வகுத்து 0.71 ஆல் பெருக்குங்கள். வரும் தொகை 70% பாட்டிலின் ஒரு மில்லி விலையைவிடக் குறைந்தால்தான் மிச்சம். ஒப்பிட ஓர் அளவுகோல்: 2020 மார்ச்சில் மத்திய அரசு 200 மில்லி சானிடைசருக்கு 100 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது, அதாவது மில்லிக்கு 50 பைசா. வீட்டுக்கு வருடத்துக்கு 200 மில்லி செலவாகாதவர்கள் தயார் 70% வாங்குவதே மேல். 99% பாட்டிலை வீட்டில் வைத்துக் காப்பது பெரிய பொறுப்பு.

ஸ்பிரிட்டையோ அசிட்டோனையோ பிளீச்சிங் பவுடர் கரைசலோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரோஃபார்ம் உண்டாகும்.

எங்க ஆச்சி நாலு மாதமாகப் படுக்கை. ஆஸ்பத்திரியில் சொன்னபடி தினமும் முதுகில் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடுகிறோம். இடுப்புக்குக் கீழே சிவந்திருக்கிறது. மெத்தை வேண்டாம், கோரைப் பாய்தான் வேண்டும் என்கிறார். இன்னும் அழுத்தித் தேய்க்கவா?
– அம்பாசமுத்திரம் வாசகி

தேய்க்காதீர்கள். சிவந்த இடத்தில் அழுத்தித் தேய்த்தால் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே ஏற்கெனவே நசுங்கிக் கிடக்கும் தசை இன்னும் சிதையும்.

ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடுவது பல வருடமாக நர்சிங்கில் இருந்த பழக்கம். குளிர்ச்சி தரும், வேர்வை உலரும் என்று நம்பிச் செய்தார்கள். ஆச்சியின் வயதில் தோலில் எண்ணெயே குறைவு. உள்ளதையும் ஸ்பிரிட் எடுத்துவிட்டால் தோல் வெடிக்கும். பவுடர் வேர்வையிலும் சிறுநீரிலும் ஊறிச் சிறு உருண்டையாகத் திரளும். புரளும்போது அது மணல் மாதிரி உரசும்.

இப்போதே ஒன்று பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்துப்போய் மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அது படுக்கைப் புண்ணின் முதல் கட்டம். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

படுக்கைப் புண்ணுக்கு மருந்து இடம் மாற்றுவதுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டுங்கள். முழுக்கப் பக்கவாட்டில் சாய்த்தால் இடுப்பெலும்பில் பாரம் விழும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துக் கால்வாசிச் சாய்வாக, 30 டிகிரியில் வையுங்கள். கெண்டைக்கால் நீளத்துக்குத் தலையணை வைத்தால் குதிகால் தரையில் படாமல் தொங்கும். மேலே நகர்த்தும்போது இழுக்காமல், அடிவிரிப்போடு இரண்டு பேராகத் தூக்குங்கள். ஏர் பெட் போட்டாலும் புரட்டுவதை நிறுத்த முடியாது. நடுவில் ஓட்டை வைத்த காற்று வளையம் வேண்டாம், சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும்.

பாய் மேல் ஆசைப்படும் ஆச்சியை வருத்த வேண்டாம். பாய் குளுமைதான், ஆனால் கோரையின் வரிகள் மெலிந்த தோலில் பதியும். பாயைக் கீழே போட்டு, அதன் மேல் ஏர் பெட், அதன் மேல் சுருக்கமில்லாத பழைய பருத்திச் சேலை. கையை நீட்டினால் பாயின் ஓரம் தட்டுப்படட்டும்.

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் மென்மையான சோப்பும் போதும். ஒற்றி உலர்த்தி, சிறுநீர் படும் இடத்தில் வாசலினோ ஜிங்க் ஆக்சைடு கிரீமோ மெல்லிசாகப் பூசுங்கள். கை, கால், முதுகுக்குத் தேங்காய் எண்ணெய். தினம் முட்டை, பருப்பு, பால் ஏதாவது ஒன்று கூடுதலாகப் போகட்டும். புரதம் இல்லாமல் தோல் தேறாது. தோல் உரிந்தாலோ, கொப்புளம் வந்தாலோ, வாடை அடித்தாலோ காத்திருக்க வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய மருதாணிக் கோனில் பெட்ரோல் வாடை. ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று சிவக்கும் என்று எழுதியிருக்கிறது. போடலாமா?
– மேலப்பாளையம் வாசகி

போட வேண்டாம். மருதாணி இலையில் உள்ள சாயம் லாசோன். கழுவியதும் ஆரஞ்சாகத் தெரிந்து, ஒன்றிரண்டு நாளில் பழுப்புச் சிவப்பாக ஏறும். ஒரு மணி நேரத்தில் கறுப்பு என்றால் தலைமுடிச் சாயத்தில் போடும் பி.பி.டி. கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அது தோலில் கோலத்தின் வடிவத்திலேயே கொப்புளம் எழுப்பும். ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுசுக்கும் தலைச்சாயம் போட முடியாமல் போகலாம். பெட்ரோல், சீமெண்ணெய் வாடை சாயம் இறங்கச் சேர்க்கும் மலிவுக் கரைப்பானுடையது. இன்னொரு அடையாளமும் உண்டு: நல்ல கோன் வெளியில் வைத்தால் சில நாளில் கெட்டுவிடும். கடையில் மாதக்கணக்கில் தொங்குவது வெறும் இலையாக இருக்காது.

வீட்டிலேயே போடலாம். சலித்த மருதாணித் தூள் 100 கிராம், சர்க்கரை 30 கிராம், லாவெண்டர் எண்ணெய் 30 மில்லி, எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் சேர்த்து 250 முதல் 300 மில்லி. சாறை ஒரேயடியாக ஊற்றாமல், கரண்டியிலிருந்து நாடாவாக விழும் பதம் வரை மட்டும். மூடி 12 மணி நேரம் வைத்து, மேல்பரப்பு பழுப்பானதும் கோனில் அடைத்து ஃபிரீசரில் வையுங்கள். லாவெண்டருக்குப் பதில் நீலகிரித் தைலம் சேர்த்தால் பலருக்கு எரிச்சல் தரும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பாருங்கள். கைக்குழந்தைக்கு மட்டும் வைக்காதீர்கள். ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பி.டி. என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு மருதாணியே ரத்த அணுக்களை உடைக்கும்.

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு எனாமல் பெயின்ட் அடித்தால் பிள்ளைகள் கையெல்லாம் பெயின்ட். சீமெண்ணெய் ஊற்றித்தான் கழுவுகிறோம். வேறு வழி?
– நாங்குநேரி விவசாயி

சமையல் எண்ணெயே போதும். எனாமலின் பிசின் எண்ணெய் ரகம், அதனால் எண்ணெயில் இளகும்.

கை காய்ந்தே இருக்கட்டும், தண்ணீர் படக் கூடாது. ஈரம் பட்டால் எண்ணெய் பெயின்ட்டுக்குள் இறங்காது. ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ ஊற்றி இரண்டு நிமிடம் பிசைந்து தேயுங்கள். நிறம் எண்ணெயில் ஏறியதும் பழந்துணியால் துடைத்தெடுங்கள். மறுபடி அரை ஸ்பூன் எண்ணெய், ஒரு சிட்டிகை சர்க்கரை. அப்புறம் சோப்பு. காய்ந்து போனதென்றால் எண்ணெய் பூசிப் பாலிதீன் பையைக் கையில் மாட்டி பத்து நிமிடம் விடுங்கள். பெயின்ட் அடிக்கும் முன்பே நகக்கண்ணில் வாசலின் ஏற்றி வைத்தால் பாதி வேலை மிச்சம். காவியைத் தண்ணீரில் குழைத்து அடித்தால் இந்தப் பாடே இல்லை, மாட்டின் கண்ணோரத்துக்கும் நல்லது.

சீமெண்ணெய் நனைந்த துணியோ சட்டையோ தோலில் ஒட்டிக் கிடந்தால் ஒரு மணி நேரத்தில் தீக்காயம் மாதிரி கொப்புளிக்கும். சீமெண்ணெயைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தியோடு நுரையீரலுக்குள் இறங்கித்தான் உயிருக்கு ஆபத்து வருகிறது. உடனே 108. பேன் கொல்லத் தலையில் சீமெண்ணெய் தேய்ப்பதும் வேண்டாம், பெர்மெத்ரின் 1% லோஷன் இருக்கிறது.

நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டுப் போட்டு நகத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு.
– திசையன்விளை வாசகி

அசிட்டோன் நகத்தின் ஈரத்தையும் கொழுப்பையும் உறிஞ்சுவதால் வருவது. ஒரு மாதம் பாலிஷுக்கு விடுப்பு கொடுங்கள். அதன் பிறகு பத்து நாளுக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். பஞ்சை நனைத்து நகத்தின் மேல் பத்து விநாடி அழுத்தி வைத்து, ஒரே இழுப்பில் நுனிப்பக்கமாகத் துடையுங்கள். முன்னும் பின்னும் தேய்ப்பதுதான் நகத்தைச் சுரண்டுகிறது. முடிந்ததும் கை கழுவித் தேங்காய் எண்ணெய். "அசிட்டோன் இல்லாதது" என்பதில் பெரும்பாலும் எதைல் அசிடேட் இருக்கும். சற்று மென்மை, ஆனால் அதுவும் வறளச் செய்யும்.

கிரீம் லேபிளில் "செட்டைல் ஆல்கஹால்" என்றிருக்கிறது. இதுவும் ஸ்பிரிட்டா?
– சேரன்மகாதேவி வாசகர்

இல்லை. செட்டைல், ஸ்டீயரில், செட்டியரில் ஆல்கஹால்கள் மெழுகு மாதிரியானவை. தோலை மிருதுவாக்கவே சேர்க்கிறார்கள். வறண்ட சருமக்காரர்கள் தவிர்க்க வேண்டியது "ஆல்கஹால் டீநேட்", "ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்" போன்றவை பட்டியலின் முதல் நான்கைந்து இடத்துக்குள் வருவதைத்தான்.

குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாமா? தொப்புளுக்கும் வைக்கச் சொல்கிறார்கள்.
– களக்காடு வாசகி

இரண்டும் கூடாது. குழந்தையின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஸ்பிரிட் உள்ளே போய் மயக்கம் வரும், சர்க்கரை அளவு இறங்கும். காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால். மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தை என்றால் நேரே மருத்துவரிடம். தொப்புளை ஈரமில்லாமல் திறந்து வைத்தால் தானே உதிரும்; ஸ்பிரிட் வைத்தால் உதிரத் தாமதமாகும்.

வீட்டில் சர்க்கரை பார்க்கும்போது ஸ்பிரிட் தொட்டதும் குத்தினால் அளவு மாறுமா?
– வள்ளியூர் வாசகர்

மாறும். காயாத ஸ்பிரிட் ரத்தத் துளியோடு கலந்துவிடும், குத்திய இடமும் எரியும். சோப்புப் போட்டுக் கழுவி உலர்த்திய கை போதும். மாம்பழம் நறுக்கிய கையில் சர்க்கரை கூடிக் காட்டும், அதை வெறும் ஸ்பிரிட் பஞ்சு முழுக்க எடுக்காது. ஸ்பிரிட்தான் வேண்டும் என்றால் அரை நிமிடம் காயவிட்டு விரலின் பக்கவாட்டில் குத்துங்கள்.

பூஜை அலமாரிக்குக் கீழ்த்தட்டில் ஸ்பிரிட் பாட்டில் வைத்திருக்கிறோம். பயமா?
– கல்லிடைக்குறிச்சி வாசகி

இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஐ.பி.ஏ. ஆவி சுமார் 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். நம் ஊரில் மார்கழி விடியற்காலையில்கூட அவ்வளவு குளிர்ச்சி கிடையாது. அசிட்டோனுக்கு அந்த நிலை பூஜ்யத்துக்கும் 20 டிகிரி கீழே. ஆவி காற்றைவிடக் கனமானது, மூடி தளர்ந்திருந்தால் தரையோடு தவழ்ந்து குத்துவிளக்கையோ அடுப்பையோ தேடிப் போகும். சானிடைசர் தேய்த்த கை முழுக்கக் காய்ந்த பிறகே தீக்குச்சியைத் தொடுங்கள். ஸ்பிரிட் எரியும் சுடர் வெளிர்நீலம், வெயிலில் கண்ணுக்கே தெரியாது.

100 அல்லது 200 மில்லிக்கு மேல் வாங்கி வைக்க வேண்டாம். வாங்கிய பாட்டிலிலேயே, மூடியை இறுக்கி, பிள்ளைகளுக்கு எட்டாத, வெயில் படாத பெட்டியில் வையுங்கள். வண்டியின் சீட்டுக்கு அடியில் வேண்டாம். கிண்ணத்தில் பற்றிக்கொண்டால் தூக்கிக்கொண்டு ஓடாமல் தட்டால் மூடுங்கள். கையில் தீ பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், பற்பசையோ மையோ தடவாதீர்கள். மோதிரம், வளையல் இருந்தால் வீங்கும் முன் கழற்றிவிடுங்கள்.